கடைசிப் பந்தியில் பல்கேரியா அண்ணை

“…அதுக்குப் பிறகுதான் தம்பி பந்தி பிரிப்பாங்கள். பதினாறு கழகம். எல்லாரும் எல்லாரோடையும் ரெண்டு தரம் விளையாடி முடிய, முதல் நாலு பேர் முதற்பந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி, வடை பாயாசம் எல்லாம் அவைக்குத்தான். அடுத்த நாலு பேர் ரெண்டாம் பந்தி. சோறு கறி இருக்கும், வடை சொல்லேலாது. மிச்ச எட்டுப் பேரும் கடைசிப் பந்தி. அதில குந்தினால் என்ன நடக்குமெண்டால், இலையில கை வைக்கேக்குள்ள ரெண்டு மூண்டு பேரைத் தோளில தட்டி எழுப்பி, ‘நீங்கள் வெளியில போங்கோ’ எண்டு சொல்லிப்போடுவாங்கள்.”

“நீங்கள் எந்தப் பந்தி அண்ணை?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி! கடைசிதான். எங்களை எழுப்பப் பாத்துப் பாத்தே தோளில தட்டுறவனுக்குக் கை மரத்துப்போச்சு.”

வெளிநாட்டு உதைபந்தாட்டச் சட்டத்தைக் கலியாணவீட்டுச் சட்டமாக மாற்றி ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தொழிற்சாலையில் இருந்தார். பல்கேரியாவின் முதற்பிரிவு ஆட்டத்துக்காகச் சாப்பிடாமல் கிடந்த ஒரே மொன்றியல்வாசி அவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். மொன்றியல் என்று சொன்னதுகூடப் பணிவுக்காகத்தான். இந்தக் கண்டம் முழுவதையும் தேடினாலும் இரண்டாவது ஆள் அகப்படமாட்டார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அதை வாசலில் இருக்கும் மெஷின் மட்டும்தான் வாசித்தது. மற்ற எல்லாருக்கும் அவர் பல்கேரியா அண்ணை. அவருடைய மனைவிக்குத்தான் இதில் கோபம். ஒருமுறை லாசாலில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது, “வாறன் பல்கேரியா அக்கா” என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “நான் கரவெட்டி,” என்றா அக்கா. “அந்த நாட்டை நான் படத்தில கூடப் பாத்ததில்லை. இவர் எனக்கு முந்தி அதைக் கட்டிப்போட்டார். நான் ரெண்டாந்தாரம்.”

சென்ட் லோரன்டில், மாத்திரைகளை அட்டையில் அடைத்துப் பெட்டியில் போடும் தொழிற்சாலை எங்களுடையது. அவர் உள்ளே, மாத்திரை அடைக்கும் மெஷினில். நான் பின்பக்கம், பெட்டிகளை லொறியில் ஏற்றும் இடத்தில். பல்கேரியா அண்ணைக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பன்னிரண்டு மணிச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். இங்கே பகல் சாப்பாட்டு நேரம், அங்கே பின்னேரம் ஏழு மணி. ஆட்டம் நடக்கிற நேரம். கடவுள் பூமியை உருண்டையாகப் படைத்ததற்குக் காரணம் அதுதான் என்பது அவருடைய கட்சி.

ஒரு யாழ்ப்பாணத்து மனிதருக்கு அந்த நாடு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லவேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது. “ரெண்டு கிழமை, பேந்து நேர கனடா” என்று சொல்லி, ஏஜென்சிக்காரன் ஆறு பேரைப் பல்கேரியாவில் மலையடிவாரத்துச் சிறு நகரமொன்றின் மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டுப் போனான். அந்த இரண்டு கிழமை பதினொரு மாதம் நீண்டது. மற்ற ஐந்து பேரும் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். இவருக்குச் சும்மா குந்தியிருக்க வராது. கீழே இறங்கினார். வீட்டுக்கு எதிரே விளையாட்டு மைதானம். ஒரு மனிதன் சில்லு வைத்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு புல்லில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தான். கோடு வளைந்துகொண்டு போனது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகிய கை இவருடையது. பொறுக்க முடியாமல் வேலிக்கு மேலால், “கோணல்!” என்று தமிழில் கத்தினார்.

“அவனுக்கு விளங்கிச்சுதோ?” என்று கேட்டேன்.

“கோணலெண்டு சொன்னால் ஆருக்கும் விளங்கும். நாங்கள் சொல்லுற முறையில இருக்கு.”

அந்த மனிதன் பெட்டியை விட்டுவிட்டு, அப்ப நீ போட்டுக்காட்டு என்பதுபோலக் கையை நீட்டினானாம். இவர் வேலியால் ஏறிக் குதித்துப் போட்டுக்காட்டினார். அந்த மனிதன்தான் ஸ்டோயன், மைதானத்தைப் பார்த்துக்கொள்பவன். அன்றிலிருந்து கனடா வரும்வரைக்கும் இவர் ஸ்டோயனுக்குக் கையாள். பாணும் சூப்பும் வெள்ளைச் சீஸும் ஸ்டோயன் வீட்டில்தான். பதினொரு மாதத்தில் இவர் படித்த பல்கேரியச் சொற்கள் எட்டு: பாண், சூப், கோடு, மழை, ஓம், இல்லை, நாளைக்கு, அதோடு பத்திரிகையில் எழுத முடியாத ஒன்று. ஸ்டோயன் படித்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்றுதான். அது “கோணல்.”

கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதப்போகிறேன் என்றபோது, “கண்ணூறு படும், விடும்” என்றார். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிற கழகத்துக்கு யார் கண்ணூறு வைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். “கடைசியில நிக்கிறவன் வைப்பான்,” என்றார்.

கோடு போடும் கை இங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை பாதுகாப்புப் பரிசோதகர் வருகிறார் என்று, லொறி ஏற்றும் இடத்தின் தரையில் மஞ்சள் நாடா ஒட்டும் வேலையைப் போர்மன் இவரிடம் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், மூன்றாம் இலக்கக் கதவுக்கு முன்னால் முழுப் பெனால்டிப் பெட்டியும் நிற்கிறது. நடுவில் புள்ளி. மேலே அளவெடுத்த அரைவட்டம். போர்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. அழிக்க நேரமில்லை, பரிசோதகர் வாசலில். “இந்த வளைவு என்னத்துக்கு?” என்று பரிசோதகர் கேட்க, சாமான் தூக்கும் வண்டி திரும்புவதற்கான எல்லை என்று போர்மன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். பரிசோதகர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய், மற்றத் தொழிற்சாலைகளும் இப்படிச் செய்தால் நல்லது என்று எழுதி அனுப்பினார்.

இனி அந்த ஃபோன் விஷயம். இந்தக் கதைக்கு அதுதான் உயிர்.

முப்பது வருடமாக, கழகம் வென்றாலும் தோற்றாலும், ஆட்டம் முடிய அவரும் ஸ்டோயனும் கதைத்தார்கள். யார் யாருக்கு எடுப்பது என்பதற்கு ஒரு முறை இருந்தது. வென்றால் ஸ்டோயன் எடுக்கவேண்டும். தோற்றால் இவர் எடுப்பார். இந்தச் சட்டம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன்.

“எங்கட முறைதானே தம்பி. கலியாணமெண்டால் அவை சொல்லி வரவேணும். சொல்லாமல் போனால் மரியாதையில்லை. செத்தவீடெண்டால் ஆரும் சொல்லக் காத்திருக்கேலாது, கேள்விப்பட்ட உடன நாங்களாப் போகவேணும். வெண்டால் கலியாணவீடு. தோத்தால் செத்தவீடு.”

“இதை ஸ்டோயனுக்கு எப்பிடி விளங்கப்படுத்தினனீங்கள்?”

“விளங்கப்படுத்தேல்லை. வெண்ட நாளில நான் எடுக்காமல் விட்டன். ரெண்டு நாள் பாத்திட்டு அவன் எடுத்தான். அவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை.”

அந்தச் சம்பாஷணைகளை நான் பக்கத்தில் இருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். “ஸ்டோயன்! ஓம். ஓம். பாத்தனான். ரெண்டு பூச்சியம். அந்த ஏழாம் நம்பருக்கு என்ன, கண் பொட்டையோ? ஓமடாப்பா. ஓம். அழாதை.” மறுமுனையில் தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும். வைத்த பிறகு, “அவர் என்ன சொன்னவர்?” என்று கேட்பேன். “ஆருக்குத் தெரியும்? மனம் சரியில்லையாம்,” என்பார்.

போன சீசன் வழக்கம்போலத்தான் தொடங்கியது. ஆடி மாதத்தில் முதல் ஆட்டம், முதல் தோல்வி. இலை உதிரும்போது கழகம் பதினான்காவது இடம். பனி விழும்போது பதினைந்தாவது. அந்த நாட்டில் மார்கழி நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மாசி நடுவில்தான் திரும்பத் தொடங்குவார்கள். அந்த இரண்டு மாதமும் இவர்களுக்குத் துடக்குக் காலம் மாதிரி. ஒருவருக்கொருவர் எடுப்பதில்லை. புதுவருடத்துக்குக்கூட இல்லை.

மாசியில் முதல் ஆட்டம். மூன்று பூச்சியத்தில் தோல்வி. இவர் முறைப்படி எடுத்தார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை.

“துக்கம் கூடிப்போச்சு,” என்றார்.

அடுத்த தோல்விக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும். ஸ்டோயனுடையது சுவரோடு இருக்கும் பழைய ஃபோன். செய்தி விடவும் வழியில்லை, யார் எடுத்தார்கள் என்று பின்னர் பார்க்கவும் வழியில்லை. “வயசு போகப் போக அவனுக்குத் தோல்வி தாங்கேலாமல் வருது,” என்று இவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ஆறுதல் கேட்டிருக்கவில்லை.

பங்குனியில் ஒரு வெற்றி வந்தது. ஒன்றுக்குப் பூச்சியம். சாப்பாட்டு நேரம் முழுவதும் கைப்பேசி மேசை நடுவில் கிடந்தது, சம்பல் டப்பாவுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் இடையில். அது வாய் திறக்கவில்லை. அவர் எழும்பி டப்பாவைக் கழுவிக்கொண்டு சொன்னார்: “அது எதிர்ப்பக்கத்தான் தன்ர வலைக்குள்ள தானே அடிச்ச கோல். உதுக்கெல்லாம் ஆராவது கலியாணம் சொல்லுவினமே? ஸ்டோயன் மானஸ்தன்.”

சித்திரையில் இரண்டாவது வெற்றி. அதற்கும் ஃபோன் இல்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் புயலாம், கம்பி அறுந்திருக்குமாம். நான் வானிலையைப் பார்த்தேன். அந்த நகரத்தில் அன்று வெயில். சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கோயிலில் அந்தச் சம்பவம் நடந்தது. வெள்ளிக்கிழமை. அர்ச்சனைச் சீட்டு எடுக்க நின்றேன். ஐயர் என்னைக் கண்டவுடன் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

“உங்கட ஆள், அந்த மருந்துக் கொம்பனியில உங்களோட நிக்கிறவர், அவற்றை குடும்பத்தில கனபேருக்குச் சுகமில்லையோ?”

“ஏன் ஐயா?”

“வருசக்கணக்கா ஒரே பேருக்குத்தான் அர்ச்சனை. வாயில நுழையாத பேர், நானும் பழகிப்போனன். இப்ப ரெண்டு கிழமையாப் புதுசு புதுசா வேற பேர் தாறார். நட்சத்திரம் கேட்டால், ‘தெரியாது, ஆனா ஆள் வெல்லவேணும்’ எண்டு சொல்லுறார்.”

அண்ணை கொடுத்திருந்த சீட்டை ஐயரிடம் வாங்கிப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களோடு விளையாடப்போகிற கழகத்தின் பெயர் அதில் இருந்தது.

முப்பது வருடம் ஒரு கழகத்துக்காக வெறுவயிற்றோடு கிடந்த மனிதர், எதிரிக்கு அர்ச்சனை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை கழகம் தோற்றது. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் நேரே கேட்டுவிட்டேன்.

“அண்ணை, நாங்கள் தோக்கவேணுமெண்டு நேத்தியோ?”

அவர் டப்பாவை மூடினார். திறந்தார். பிறகு திரும்ப மூடினார்.

“தோத்தால் தம்பி, நான் எடுப்பன். அவன் தூக்கமாட்டான். சரி, துக்கத்தில கிடக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு நான் வீட்ட போய்ச் சோறு தின்னுவன். வெண்டால் அவனெல்லோ எடுக்கவேணும். வெண்டும் எடுக்கேல்லையெண்டால்…” டப்பாவைத் தள்ளி வைத்தார். “ரெண்டு தரத்துக்குச் சாட்டுச் சொல்லியிட்டன். மூண்டாந்தரத்துக்கு என்னட்டைச் சாட்டில்லை.”

“கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவம். கணினியில அவங்கட பாஷைக்கு மாத்தலாம். ஸ்டோயன் எப்பிடி இருக்கிறார் எண்டு ஒரு வரி. நாளைக்கே பதில் வந்திடும்.”

“வேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“நான் கேக்காதவரைக்கும் அவன் இருக்கிறான்.”

எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. தூக்கப்படாத ஃபோன்களோடு வாழ்ந்து பழகிய சனம் நாங்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமலே பத்து வருடம் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கலியாணமும் செய்துகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி அவர்களை நான் வற்புறுத்தியதில்லை. இவரையும் வற்புறுத்தவில்லை.

“ஆனா அண்ணை, தோத்துக்கொண்டே போனால் கீழ்ப்பிரிவுக்கெல்லோ இறக்கிப்போடுவாங்கள்?”

“ஓம்.”

“முப்பது வருசம் அண்ணை.”

அவர் நெடுநேரம் யோசித்தார். மாத்திரை மெஷின் பழுதுபட்டால்கூட அவ்வளவு நேரம் யோசிக்கமாட்டார். “சமநிலை,” என்றார் கடைசியில். “சமநிலை வந்தால் காணும். ஒரு புள்ளியும் கிடைக்கும், ஆரும் ஆருக்கும் எடுக்கவும் தேவையில்லை.”

அடுத்த நான்கு ஆட்டமும் சமநிலை. கடவுள் ஒரு மனிதனின் வேண்டுதலை இவ்வளவு அச்சொட்டாக நிறைவேற்றியதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இப்படியே கடைசி ஆட்டம் வந்துவிட்டது. வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை. வென்றால் தப்பினோம். தோற்றால் கீழ்ப்பிரிவு. சமநிலையென்றால், இன்னொரு ஊரில் அதே நேரம் நடக்கும் ஆட்டத்தைப் பொறுத்தது. எங்களுக்கு அன்று பகல் பன்னிரண்டு வரை ஓவர்டைம். முடிந்து சாப்பாட்டறைக்கு வந்தால் பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்குப் போகாமல் குந்தியிருக்கிறார்கள். இவருடைய மெஷினில் கூட நிற்கும் ஹெயிட்டிக்காரி மரி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும், தலைமயிரை மூடும் பச்சைத் தலைவலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று மாட்டிவிட்டாள். கழகத்தின் நிறம் பச்சை என்று அவளுக்கு இவரே சொல்லியிருந்தார். போர்மன்கூட ஒன்றை மாட்டியிருந்தார்.

“கூராஜ், மொசியூ பல்கேரி!” என்று மரி இவருடைய முதுகில் அடித்தாள். பயப்படாதே என்கிறாளாம். இவருடைய முகத்தைப் பார்த்தால், பயப்படுவதற்கு இவருக்குத் தைரியம் போதாது என்பதுபோல இருந்தது.

கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து எல்லாரும் குனிந்து பார்த்தோம். எங்கள் ஆட்கள் ஒன்று, அவர்கள் ஒன்று. படம் அடிக்கடி உறைந்து, பந்து ஓரிடத்திலும் கால் இன்னோரிடத்திலுமாக நின்றது. இன்னொரு ஊர் ஆட்டமும் எங்களுக்கு வாய்ப்பாகத்தான் போனது. சமநிலையே போதும் என்றாகிவிட்டது. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் பல்கேரியா அண்ணை சிரித்தார். மாசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கண்டேன்.

மேலதிக நேரம். எங்கள் ஏழாம் நம்பரை அவர்களுடைய ஆள் பெட்டிக்குள் விழுத்திவிட்டான். நடுவர் விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி. எங்களுக்கு.

சாப்பாட்டறைச் சத்தம் கூரையைத் தொட்டது. இவர் மட்டும் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, “அடியாதை!” என்று கத்தினார். “மேலால அடி! அடியாதை! அடியாதை!”

மரி அதைக் கழகத்தின் கோஷம் என்று எடுத்துக்கொண்டாள். “அடியாதை!” என்று அவளும் தொடங்கினாள். மேசையில் தட்டித் தாளம் போட்டாள். போர்மன் சேர்ந்துகொண்டார். பச்சைத் தலைவலை போட்ட பதினைந்து பேர், ஹெயிட்டிக்காரரும் வியட்நாம்காரரும் கியூபெக்காரரும், ஒரே குரலில் “அடியாதை! அடியாதை!” என்று தொழிற்சாலை அதிரக் கத்தினார்கள். ஏழாம் நம்பர் ஓடிவந்து அடித்தான். கோல்காப்பாளர் ஒரு பக்கம், பந்து மற்றப் பக்கம்.

வென்றுவிட்டோம். மரி அவருடைய இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். போர்மன் கை குலுக்கினார். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். ஆனந்தத்தில் வாயடைத்துப்போனார் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அறையில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். நடுவில் கைப்பேசி.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். குளிர்ப்பெட்டி இரைகிற சத்தம் மட்டும். இருபதாவது நிமிடத்தில் ஃபோன் அடித்தது. அவர் பாய்ந்து எடுத்தார்.

“இஞ்சரப்பா,” என்று அக்காவின் குரல் எனக்கே கேட்டது. “வாற வழியில ஜான்-டலோன் சந்தையில இறங்கி நல்ல கத்தரிக்காய் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு வாங்கோ. போனமுறை வாங்கினதெல்லாம் புழு.”

“ஓம்,” என்றார். “பாத்து வாங்கியாறன்.” அவ்வளவு பவ்வியமாக அவர் அக்காவுக்குப் பதில் சொன்னதை நான் முன்பு கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்கமாட்டா. “என்ன, சுகமில்லையே?” என்று கேட்டுவிட்டு வைத்தா.

இன்னும் பத்து நிமிடம் போனது. அவர் தலைவலையைக் கழற்றி மடித்து வைத்தார்.

“தம்பி, கலியாணவீட்டால சொல்லி வரேல்லை.”

“ஓம் அண்ணை.”

“அப்ப மற்றதுதான். அதுக்குச் சொல்லாமலே போகவேணும்.”

முப்பது வருடம் பழகிய இலக்கத்தை விரல் தானாக அமத்தியது. காதில் வைக்கவில்லை, என்னிடம் நீட்டினார். “நீர் கேளும். எனக்குக் கேக்கேலாது.”

கேட்டேன். அடிக்கவில்லை. “எங்கேஜ்,” என்றேன்.

“என்ன?”

“எங்கேஜ் அண்ணை. ஆரோ ஃபோனில நிக்கினம்.”

பறித்துக் காதில் வைத்தார். டீ, டீ, டீ என்ற அந்தச் சத்தத்தை நாதஸ்வரக் கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடிக் கேட்டார். “மூண்டு மாசமா அடிச்சுக்கொண்டு கிடந்த ஃபோன்,” என்றார். “இப்ப ஆரோ கையில தூக்கி வைச்சிருக்கினம்!” பிறகு கண்ணைத் திறந்து, “வீட்டை வேற ஆருக்கும் குடுத்துப்போட்டினமோ?” என்றார். அவர் திரும்ப எடுத்தார். எங்கேஜ். திரும்ப எடுத்தார். எங்கேஜ். ஆறாவது தரம் மணி அடித்தது. உடனே என் கையில் திணித்துவிட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவள் சொன்னாள். ஸ்டோயனின் மகள், தலைநகரத்தில் இருக்கிறவள். தை மாதத்தில் தகப்பன் பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியிலும் பிறகு தன் வீட்டிலும் வைத்துப் பார்த்தாளாம், இந்த வீடு பூட்டியே கிடந்ததாம். நேற்று நாட்காட்டியில் இன்றைய திகதியைக் காட்டிக் காட்டி அடம்பிடித்ததால் இங்கே கூட்டி வந்தாளாம். யன்னலால் மைதானத்துச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாராம். ஆட்டம் முடிந்ததிலிருந்து ஃபோனைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவிடவில்லையாம். யாருக்கு எடுக்கப்போகிறார் என்று தங்களுக்கு விளங்கவில்லையாம், இப்போதுதான் ஒருமாதிரிப் பறித்து வைத்தாளாம். “நீங்கள் யார்?” என்று கேட்டாள்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பல்கேரியா அண்ணையைப் பார்த்தேன். அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆள் இருக்கிறார் அண்ணை.”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“தை மாசம் பாரிசவாதம் வந்து விழுந்தவராம். இப்ப தேறியிட்டார். நாங்கள் சொல்லுறது கேக்குமாம். ஆனா பேச்சுப் போட்டுதாம் அண்ணை. ஒரு சொல்லும் வராதாம்.”

“ஒரு சொல்லும்?”

“ஒண்டும் வராதாம்.”

அவர் முகத்தைத் துடைத்தார். “அது எங்களுக்கு எப்ப வந்தது?” என்றார். “ஃபோனைக் குடும். அவன்ர காதில வைக்கச் சொல்லும்.”

சொன்னேன். மறுமுனையில் ஏதோ நகர்ந்தது, ஒரு கதிரை இழுபட்டது, பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கொடுத்தேன்.

“ஸ்டோயன்,” என்றார் பல்கேரியா அண்ணை. “நான்தான். நீ கதைக்காதை, நான் சொல்லுறன். நீ சத்தம்தானே கேட்டனீ, நான் படம் பாத்தனான்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலாவது நிமிடத்திலிருந்து தொடங்கினார். முழு ஆட்டத்தையும் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும், மற்றவர் பதில் சொல்லி முடிக்கிற அளவு நேரம் பொறுத்திருந்து, “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டு, அடுத்த நிமிடத்துக்குப் போனார்.